பதினான்காம் நிமிடத்தில் நின்ற கார்

குத்துக்கல்வலசையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து இலஞ்சிக்குக் காரில் பத்தொன்பது நிமிடம். வழியில் பதினோரு வேகத்தடைகள். போன பங்குனியில், ஒரு காலை ஒன்பதரை மணிக்கு, பதினான்காம் நிமிடத்தில் கார் நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை. மின்விசிறியின் சுவிட்சை அணைத்தது போல எஞ்சின் அடங்கிவிட்டது. ஓடிய வேகத்திலேயே ஓரமாக ஒதுக்கினேன். சாவியைத் திருப்பினேன், மோட்டார் சுற்றியது, எஞ்சின் பற்றவில்லை. பதினேழு நிமிடம் கழித்துத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

பின் இருக்கையில் என் மனைவி இருந்தாள். இலஞ்சியில் இருக்கும் அவளுடைய தங்கைக்கு இடுப்பெலும்பு முறிந்து அப்போது ஐந்து மாதம். ஒன்று விட்டு ஒரு நாள் இவள் போய்த்தான் குளிப்பாட்டித் தலைவாரி விட வேண்டும். வேறு யார் கையும் தன் மேல் படத் தங்கை விடமாட்டாள். என்னுடைய காருக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை. பணி ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் வேறு வேலை இருந்ததாகச் சொல்ல முடியாது.

இருபத்தேழு வருடத்து வண்டி அது. கார்பரேட்டர் வைத்தது, ஆனால் தீப்பொறிக்கு மட்டும் எலக்ட்ரானிக் முறை. அதற்கு முன் நான் வைத்திருந்த காரில் பாயிண்ட்தான். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒட்டியும் விலகியும் பொறியைத் தரும். அவை தேய்ந்தால் கார் முதலில் இழுக்காது, பிறகு குலுங்கும், பிறகு புகைக்குழாயில் வெடிக்கும். பத்து நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் நிற்கும். நின்ற இடத்தில் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தால் வீடு வந்து சேரலாம். இந்தக் காரில் பாயிண்ட் கிடையாது. அதற்குப் பதில், பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி. திறக்க முடியாது, தேய்க்க முடியாது, பழுதும் பார்க்க முடியாது. ஆனால் இருபத்தாறு வருடம் அந்தப் பெட்டி இருப்பதே எனக்குத் தெரியாத அளவுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பங்குனியில் மூன்று தடவை நின்றது. சித்திரையில் நான்கு. ஒவ்வொரு தடவையும் தென்காசியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோவேன். போய்ச் சேரும்போது ஓடிக்கொண்டிருக்கும்.

"சார், நிக்கிற வண்டியக் கொண்டாங்கன்னா, ஓடுற வண்டியக் கொண்டாந்து நிறுத்துதீங்க. நான் எங்கன போயித் தேட?" என்பார் அவர்.

"நின்னா எப்படிவே கொண்டு வர?"

"அதுவும் சரிதான்."

பிளக் நான்கையும் மாற்றினார். பிறகு பெட்ரோல் ஃபில்டர். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கடைசியாகத் தன் சொந்த வண்டியிலிருந்து, பொறிக்கு மின்சாரத்தை ஏற்றித் தரும் காயிலைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். நான்கு தடவையும் வீட்டுக்கு வந்து, "சரியாயிட்டு" என்று மனைவியிடம் சொன்னேன்.

ஏழாம் தடவை நின்றபோது அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் வந்த ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"பதினேழே நிமிஷம். கிளம்பிரும்" என்றேன்.

"நீங்க வண்டியோட இருங்க. அவ எண்ணெயத் தேச்சிட்டு உக்காந்திருக்கா."

அன்று முதல் ஆட்டோதான். அதே ஆட்டோக்காரர் ஒன்று விட்டு ஒரு நாள் ஒன்பதேகாலுக்கு எங்கள் வாசலுக்கு வந்து ஹாரன் அடிப்பார். போர்டிகோவில் என் கார் நிற்கும். அதன் பக்கத்தில் நான் நிற்பேன்.

ஆத்திரத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஷெட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், ஐந்து பேர் முன்னிலையில் சொன்னேன்: "அவனுக்குப் பாயிண்ட் வண்டிதான் தெரியும். கரண்டுப் பெட்டி வந்ததும் கை ஓட மாட்டேங்குது." சாலையைத் தாண்டி அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த முறை போனபோது அவர் என் முகத்தைப் பார்க்காமலே பானட்டைத் திறந்தார்.

ஆனியில் சாரல் இறங்கியது. குற்றாலத்துக் காற்று வலசை வரைக்கும் வந்தது. வண்டி நிற்கவில்லை. நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். குற்றாலம் போய்த் திரும்ப, இலஞ்சி போய்த் திரும்ப, ஒரு நாள் செங்கோட்டை வரைக்கும். இருபத்து மூன்று பயணம். ஒரு தடவை கூட நிற்கவில்லை. மெயின் அருவி பக்கத்தில் சீசன் கூட்டத்துக்குள் முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன், அப்போதும் நிற்கவில்லை. நின்ற நாள், ஓடிய நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்; அதை மனைவியிடம் காட்டினேன்.

அவள் நோட்டை வாங்கவே இல்லை. "இப்ப எதனால ஓடுது?"

"காயில் மாத்துனதுனால இருக்கும்."

"இருக்குமா? அப்போ எதனால நின்னுச்சு?"

நான் நோட்டின் பக்கங்களைப் புரட்டினேன்.

"ரெண்டுல ஒண்ணாவது தெரிஞ்சா சொல்லுங்க, ஏறுதேன். தெரியாம ஏற மாட்டேன்."

நியாயமான கேள்வி. நானே முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். காரணம் எழுதாத விடைக்கு அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை.

ஆவணிக் கடைசியில் சாரல் நின்றது. புரட்டாசி முதல் வாரம் வெயில் ஏறியது. இலஞ்சிக்குப் பிரியும் விலக்குக்கு முன்னால் வண்டி மறுபடி நின்றது. நல்ல வேளை, தனியாகத்தான் போயிருந்தேன். இனிமேல் மெக்கானிக்கிடம் போக முகம் இல்லை என்றாலும் போனேன். தேதிகளையும் நிமிடங்களையும் எழுதிய நோட்டை அவரிடம் கொடுத்தேன். துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நான்கு பக்கத்தையும் படித்தார்.

"சார், வெயில்ல நிக்குது. சாரல்ல ஓடுது. இத முதல்லயே எங்கிட்டக் காட்டியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு, "நான் கூட வாரேன், ஓட்டுங்க" என்று ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு ஏறினார்.

பதினான்காம் நிமிடத்தில் நின்றது. வாழ்க்கையில் முதல் முறையாக அது நின்றதில் எனக்குச் சந்தோஷம். அவர் பானட்டைத் திறந்து, அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் மட்டும் ஈரத்துண்டைப் பிழிந்து வைத்தார். பைக்கில் போன ஒருவன், "என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்றாம் நிமிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். கிளம்பியது. பதினேழு இல்லை, மூன்று.

"பெட்டிதான். சூடாயிருச்சின்னா செத்துருது. ஆறுனா உயிர் வருது."

பழைய வண்டிகள் உடைக்கும் இடத்தில் தேடி, நல்ல பெட்டி ஒன்றை எட்டு நாளில் கொண்டுவந்தார். பழையதைக் கழற்றினார். புதியதைப் பூட்டும் முன் சின்ன டியூப் ஒன்றை எடுத்து, பெட்டியின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு பசையைத் தடவினார்.

"அது என்ன?" என்றேன்.

"சூடு இறங்குறதுக்கு. பெட்டியில உள்ள சூடு இது வழியா இரும்புக்குப் போயிரும். இது இல்லேன்னா வெந்துரும்." பழைய பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். "இங்க பாருங்க. துளி பசை இல்ல. எந்த மடையன் தொடச்சான்னு தெரியலையே."

எனக்குத் தெரியும்.

வண்டி முதன்முதலில் நின்றதற்கு முந்தைய ஆயுத பூஜைக்கு நான் வண்டியைச் சுத்தம் செய்தேன். மற்றவர்கள் வெளியே கழுவிப் பொட்டு வைப்பார்கள். எனக்கு அது போதாது. பானட்டைத் திறந்து, கழற்ற முடிந்த ஒவ்வொன்றையும் கழற்றி, வரிசையாகத் தாளில் வைத்துத் துடைத்தேன். நாற்பத்தொரு உறுப்புகள். அந்தப் பெட்டியின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பூஞ்சை என்று நினைத்தேன். பழைய வேட்டித்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, நகத்தால் சுரண்டி, பளபளவென்று ஆக்கினேன். திரும்பப் பூட்டி அதன் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிறகு மழைக்காலம், மார்கழிக் குளிர். வெயில் வரும் வரை பெட்டி தாக்குப்பிடித்தது. வெப்பக் கடத்தல் பாடத்தை நான் எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்!

ஷெட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சரியாயிட்டு" என்றேன். ஐந்தாம் முறை.

"எதனால நின்னுச்சாம்?"

பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். அது ஏன் கெட்டது என்றாள். பழசு என்றேன். அப்படியென்றால் இப்போது போட்டதும் பழைய வண்டியில் கழற்றியதுதானே, அதுவும் கெட்டுப்போகுமே என்றாள். அரிவாள்மனையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் ஒழிய அவள் ஏறமாட்டாள் என்று தெரிந்தது. சொன்னேன். பூஞ்சை, வேட்டித்துணி, மண்ணெண்ணெய், எல்லாவற்றையும்.

கை நின்றது. முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். "முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீய?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அவர்ட்ட சொன்னீயளா?"

"இல்ல."

"டீக்கடையில போயி அவரக் கொற சொன்னீயளே. எனக்கும் காதுல விழுந்துச்சு."

மறுநாள் ஒன்பதேகாலுக்குத் தூக்குவாளியும் சீப்புமாக அவள் வந்து காரில் ஏறினாள். இந்த முறை முன் இருக்கையில். "இலஞ்சிக்கு அப்புறம் போலாம். முதல்ல ஷெட்டுக்கு விடுங்க" என்றாள்.

மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே நீட்டிய கால்களைப் பார்த்துத்தான் சொன்னேன். முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவர் ஊர்ந்து வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார்.

"பசையத் தொடச்சதும் இல்லாம, சந்தனம் வேற வச்சீங்களா சார்?"

"வச்சேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "சித்திரையில இருந்து வேற எந்த வண்டியில கை வச்சாலும் ஒரு சந்தேகம் சார். நமக்குத் தொழில் விட்டுப்போச்சோன்னு" என்றார். கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை எண்ணினேன். மூன்று பேர். சாலையைத் தாண்டிப் போய் அவர்களிடமும் சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் மறுபடி வேனுக்கு அடியில் இருந்தார்; கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இலஞ்சிக்குப் போகும் வழியெல்லாம் என் காது எஞ்சினில் இருந்தது. "சத்தத்தக் கேக்காம ரோட்டப் பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். தங்கை வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்குக் கிளம்பணும். ஆட்டோக்காரர இனி வர வேண்டாம்னுட்டேன்."

எஞ்சினை அணைத்தேன். அணைத்ததும் பயம் வந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன், கிளம்பியது. அணைத்தேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி திருப்பினேன். கிளம்பியது. மூன்றாம் முறை சாவியில் கை வைத்தபோது, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தையும் மீறி உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"அதச் சும்மா விடுங்க!"