சாப்பாடு திறந்த நேரத்துப் பாட்டு

லண்டனில், எங்கள் பிளேஸ்டோ வீட்டுச் சமையலறை அலுமாரியில் அடுக்கியிருந்த சில்வர்த் தட்டுகள், ஒரு கோடைகாலம் முழுவதும், மாலை நான்கு மணியானால் தாமாகவே கிணுகிணுக்கத் தொடங்கும். முதலில் ஒரு தட்டு, பிறகு அதற்குப் பக்கத்துத் தட்டு, பிறகு கரண்டிகள் நின்ற தகரப் பேணி என்று ஒவ்வொன்றாக அதிர, அடுப்படியில் நிற்கும் அம்மா அகப்பையைப் பிடித்தபடி மேலே பார்த்து, "துவங்கிட்டாங்கள்" என்பார். மேலே, எங்கள் வீட்டு முன்னறையில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ரொக் அன்ட் ரோல் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது.

இதை இன்றைக்குச் சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு மேலறைகளில் எப்போதும் "புதுசா வந்த பெடியள்" இருப்பார்கள். ஊரிலிருந்து வந்து, விசாவுக்குப் பதில் வரும்வரை பெட்டியை முழுதாக அவிழ்க்காமல் இருப்பவர்கள். அந்த வருடம் ஏனோ அறைகள் காலியாகக் கிடந்தன. அப்பா மூலைக்கடைக் கண்ணாடியில் அறை வாடகைக்கு என்று ஒரு மட்டை எழுதி ஒட்டினார். கதவைத் தட்டியவர்கள் நான்கு வெள்ளைக்காரர்கள். லண்டனில் இடத்துக்கு இடம் வாசிக்க ஏற்பாடு செய்துதருவதாக அழைத்தவர், இவர்கள் வந்து இறங்கிய கையோடு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தார். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர்களைப் பார்த்தார். வந்த ஊரில் கைவிடப்பட்டவர்களைப் பார்த்தால் அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. தான் எழும்பும் நான்கு மணிக்கு முன் ஒரு சத்தமும் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு உள்ளே விட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா என்னைப் பற்றி யாரிடமும் முதலில் சொல்வது, "இவளுக்கு 'விடுப்பு' கூட" என்பதுதான். விடுப்பு என்றால் மற்றவர்களின் கதையை அறியும் ஆவல். எங்கள் ஆட்கள் அதைக் குற்றமாகச் சொல்வார்கள், ஆனால் யாரும் அதை விடுவதில்லை. எனக்கு அந்த நால்வரையும் பற்றி எல்லாம் தெரியவேண்டியிருந்தது. ஏன் அவர்கள் பாலுக்குள் சோளப்பொரியைப் போட்டு இரவிலும் சாப்பிடுகிறார்கள்? டிரம்ஸுக்குள் எதற்காக எங்கள் வீட்டுப் பழைய துவாயைத் திணித்திருக்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, டிரம்ஸின் முகத்தில் "டிப்போ ஸ்ட்ரீட் ஃபைவ்" என்று எழுதியிருக்க, ஆட்கள் ஏன் நாலு பேர்?

டிரம்ஸ் அடிக்கும் டேல்தான் எனக்குப் பதில் சொல்பவர். நால்வரில் மூத்தவர், பெரிய கைகள், சமையலறைக் கதிரையில் உட்கார்ந்தால் கதிரை தெரியாது. அவருடைய தம்பி கர்ட்டிஸ்தான் பாட்டுக்காரர்; அதிகம் பேசமாட்டார். மற்ற இருவரில் ஒருவர் எந்நேரமும் நித்திரை, மற்றவர் எந்நேரமும் வெளியில். டேல் எங்கள் சமையலறையில் இருந்து சொல்லித்தான் அவர்களுடைய குழுவின் சரித்திரம் எனக்குத் தெரியவந்தது. ஓஹியோவில், சோளக்காடுகளுக்கு நடுவே, ஒரு தெருவிளக்குச் சந்தியோடு முடிந்துவிடும் ஊர். ரயில்நிலையத் தெருவில் விதைக் கடை. அதன் பின்பக்கக் கொட்டிலில் ஐந்து பையன்கள். பள்ளிக்கூட நடனம், தீயணைப்புப் படையின் விருந்து, வருடாந்தக் கால்நடைச் சந்தையில் பன்றிகளுக்குப் பரிசு கொடுத்து முடிந்த பிறகு ஒரு மணிநேரம். அப்போதே பழசாகிப்போயிருந்த பாணியில் பாடினார்களாம், ஆனால் ஊருக்கு அது பிடித்திருந்ததாம். தங்கள் கைக்காசில் ஒரு இசைத்தட்டுப் போட்டு, உள்ளூர் வானொலியில் ஒரு கோடைக்கு அது ஓடி, யார் மூலமோ லண்டன் வரை கேட்டு, அழைப்பு வந்தது. ஐந்தாமவரான லீராய் மட்டும் வரவில்லை. விதைக் கடை அவருடைய அப்பாவுடையது. அப்பாவுக்குச் சுகமில்லை, கடையைப் பார்க்க வேறு ஆளில்லை.

"அப்ப அந்தப் பெடியன் தனியச் செய்யிறானோ?" என்று அம்மா கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். டேல் ஆம் என்று தலையசைத்ததும், ஊரில் மாட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு பின்தங்கிவிட்ட தன் தம்பியை நினைத்தாரோ என்னவோ, அம்மா டேலின் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார்.

கர்ட்டிஸ் அந்தக் கோடையில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். அது லீராய்க்கு. முழுப் பாட்டும் கேள்விகள்தான்: மழை பெய்ததா, கடை நாய் திரும்பி வந்ததா, ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தார்களா. எனக்கு அந்தப் பாட்டு உடனே பிடிபட்டது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தொலைபேசியில் ஊருக்குக் கத்துவதும் அதேதான்: "அங்கை மழையோ? கிணத்திலை தண்ணி நிக்குதோ? பசு கண்டு போட்டுதோ?" ஆனால் கர்ட்டிஸின் பாட்டு எப்போதும் கடைசிக் கேள்விக்கு முன் நின்றுபோகும். கிற்றார் ஏறி ஏறி ஓரிடத்துக்கு வரும், பிறகு மௌனம். தட்டுகள் அதிர்வதை நிறுத்தும். கீழே நானும் தம்பியும் வாயைத் திறந்தபடி காத்திருப்போம். ஒருநாள் படியில் மறித்து, முடிவில் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். தனக்கும் தெரியவில்லை என்றார்.

சரித்திரத்தின் மிச்சப் பகுதியை டேல் அம்மாவிடம் மட்டும் சொன்னார், மொழிபெயர்த்தது நான் என்பதால் எனக்கும் தெரிந்தது. புறப்படும்போது சகோதரர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு செய்திருந்தார்களாம். லண்டனில் ஒரு மண்டபம் நிறைந்த சனம் தங்களைக் கடைசிவரை இருந்து கேட்டால் குழுவைத் தொடர்வது. இல்லையென்றால் திரும்பிப் போய் டேல் மாவு ஆலையில் வேலைக்குச் சேர்வது, கர்ட்டிஸ் பாட்டை விடுவது. கோடை முடியப்போகிறது. மதுக்கடைகளின் மூலைகளில் வாசித்தார்கள். அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

அம்மா அதை அப்பாவிடம் சொன்னார். "பாவங்கள், ஒரு ஹோல் சனம் இருந்து கேட்டாக் காணுமாம்."

அப்பா சிரித்தார். "சனமோ? எங்கட ஆக்களின்ரை விசேஷத்திலை நிக்க இடமிராது. நான் குகனோடை கதைக்கிறன்."

குகன் மாமா அப்பாவின் சிநேகிதர். அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு செய்ய ஈஸ்ட் ஹாமில் ஒரு பெரிய மண்டபம் எடுத்திருந்தார். வெள்ளைக்காரக் குழு வாசித்தால் மதிப்புத்தானே என்று அவரும் சம்மதித்தார். முதல்நாள் மாலை கர்ட்டிஸ் படியில் என்னைக் கண்டு, பாட்டு முடிந்துவிட்டது, நாளை மண்டபத்தில் கேள் என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆலாத்தி எடுத்து, பெண்ணைப் படம்பிடித்து, பிறகும் படம்பிடித்து முடிய, நால்வரும் மேடையேறினார்கள். நீல நிறத்தில் ஒரேமாதிரிச் சட்டை. முதல் பாட்டுக்குச் சின்னப்பிள்ளைகள் மேடைக்கு முன்னால் போய்த் துள்ளினார்கள். இரண்டாவதற்குக் குகன் மாமாவே கையைத் தூக்கி ஆடினார். டேலின் முகத்தை நான் பார்த்தேன். இவ்வளவு சனத்துக்கு அவர்கள் ஊரிலும் வாசித்திருக்கமாட்டார்கள். மூன்றாவதாக, கர்ட்டிஸ் அந்தப் பாட்டைத் தொடங்கினார். மழை பெய்ததா. கடை நாய் வந்ததா.

மண்டபத்தை ஆறு மணிக்குத் துடைத்துக் கையளிக்கவேண்டும். சாப்பாட்டுக்குப் பொறுப்பாக நின்றவர் அம்மா. நேரத்தைப் பார்த்தார், பின்பக்கம் வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டங்களின் மூடிகளைத் திறந்தார். கத்தரிக்காய்ப் பால்கறியின் மணம் வாசிப்புக்கு மேலால் ஏறி முன்வரிசைவரை வந்தது. யாரோ ஒருவர், "சாப்பாடு திறந்தாச்சு" என்றார். அவ்வளவுதான். மண்டபம் முழுவதும் ஒரே ஆளாக எழும்பியது. கதிரைகள் இழுபட, சேலைகள் சரசரக்க, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லாரும் பின்பக்கம் திரும்பினார்கள். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்; ஐஸ்கிறீம் முதலில் முடிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். வடையும் பாயசமும் எடுத்து நான் திரும்பிப் பார்த்தபோது பாட்டு முடிந்திருந்தது. கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

எங்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. நாதஸ்வரக்காரர் வாசிக்கும்போதும் எழும்பிப் போவோம், அரங்கேற்றத்திலும் போவோம், அமைச்சர் பேசினாலும் போவோம். வரிசையில் நின்றபடி, "நல்லா வாசிக்கிறாங்கள், என்ன?" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டுதான் சோறு போட்டார்கள். ஆனால் நால்வரும் மேடையோரத்தில் தட்டை விட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அந்த வாரமே பெட்டிகளைக் கட்டினார்கள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லாத்தானே நடந்தது, ஏன் உவங்கள் ஓடுறாங்கள்?" என்று அப்பாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் போன பிறகுதான் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடங்காமல் அடிக்கத் தொடங்கியது. "அந்த வெள்ளைப் பெடியள் நிக்கினமோ? எங்கட மகளின்ரை கலியாணத்துக்குப் பிடிக்கலாமோ?" இல்ஃபோர்டிலிருந்து எடுத்தார்கள், சட்டனிலிருந்து எடுத்தார்கள். மாரிகாலம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் அவர்களுடைய முகவரி இருக்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, நான் இப்போது இருக்கும் இல்ஃபோர்டிலிருந்து அம்மாவைப் பார்க்கப் பழைய வீட்டுக்குப் போயிருந்தபோது, கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பெரிய கிழவர். லண்டனில் வேலைபார்க்கும் மகளிடம் வந்தவராம். ரயில்நிலையத்திலிருந்து நடந்து, ஞாபகத்தில் வீட்டைக் கண்டுபிடித்தாராம். கைகளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது, பிறகு, "ஐயோ, டேல் தம்பியே!" என்று வாயில் கைவைத்தார். அப்பா இல்லை என்பதைச் சொன்னோம். டேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு அந்த மண்டபத்தைப் பார்க்கவேண்டும் என்றிருந்தது. காரில் கூட்டிப்போனேன். மண்டபம் இருந்த இடத்தில் பால்கனிகளோடு அடுக்குமாடி. இப்போது எங்கள் விசேஷங்கள் நெடுஞ்சாலைப் பக்கத்து ஹோட்டல்களில் நடக்கின்றன; சாப்பாடு மேசைக்கே வருகிறது, யாரும் எழும்புவதில்லை; பாட்டுக்கு ஒரு பெடியன் கணினியோடு வந்து நிற்கிறான். இதைச் சொன்னபோதுதான் டேல், நடைபாதையில் நின்றபடி, தங்கள் குழு முடிந்தது இங்கேதான் என்றார். அவர்கள் ஊரில் பாட்டு நடுவில் ஒருவர் எழும்பினாலே மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். ஒரு மண்டபமே எழும்பியது, அதுவும் தம்பி அந்தப் பாட்டைப் பாடும்போது. ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை, அவ்வளவு மரியாதையாகத் தங்களைக் கைவிட்டார்கள் என்று விமானத்தில் பேசிக்கொண்டார்களாம். கர்ட்டிஸ் அதற்குப் பிறகு தேவாலயத்தில்கூடப் பாடவில்லையாம்.

உடனே அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பினார். "சாப்பாடு திறந்ததெல்லே பிள்ளை! அதுக்கெல்லோ சனம் எழும்பினது. ஆறு மணிக்கு ஹோலைக் குடுக்க வேணும். நான்தான் திறந்தனான். சொல்லு, இவருக்கு வடிவாச் சொல்லு."

வடிவாகச் சொன்னேன். டேல் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவை. பிறகு பையிலிருந்து ஃபோனை எடுத்துத் தம்பியை அழைத்தார். அங்கே காலை, கர்ட்டிஸ் லீராயின் விதைக் கடையில் வேலைக்கு நிற்கிறார். டேல் சொல்லி முடித்தபின், ஸ்பீக்கரில் கடைக் கதவு திறந்து மூடும் சத்தம் வந்தது. பிறகு ஒரு கரகரத்த குரல், அப்படி என்ன சாப்பாடு என்று கேட்டது.

"வடை," என்று அம்மா ஃபோனுக்குக் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார். "ரைஸ். பாயசம் ஆல்சோ."

அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். டேல் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

என் விடுப்பு வயதோடு குறையவில்லை. அந்தப் பாட்டின் கடைசிக் கேள்வி என்ன என்று கேட்டேன். மறந்துவிட்டது என்றார் கர்ட்டிஸ். டேல் மேசையில் விரல்களால் தட்டத் தொடங்கினார். சில்வர்த் தட்டுகள் கோயில் அன்னதானத்துக்குப் போய் எவ்வளவோ காலம். அலுமாரியில் இப்போது கண்ணாடித் தட்டுகள், ஒன்றும் அதிரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் குரல் எழும்பியது, மெல்ல, வழி தேடிக்கொண்டு. மழை பெய்ததா. நாய் வந்ததா. பாலத்துக்குப் பெயின்ட் அடித்தார்களா. அம்மா அடுப்பை நிறுத்தினார். வீட்டில் விருந்தாளி இருக்கும்போது உட்காராத என் அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

கிற்றார் இல்லாமலே பாட்டு ஏறி, எப்போதும் நின்றுபோகும் இடத்துக்கு வந்தது. இந்தமுறை நிற்கவில்லை.

"என்ன கேக்கிறார்?" என்றார் அம்மா மெதுவாக.

"தன்னைப் பற்றி அங்கை ஆரும் கேட்டவையோ எண்டு கேக்கிறார், அம்மா."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"கேட்டவை எண்டு சொல்லு," என்றார். "கன பேர் கேட்டவை. மாரி முடியுமட்டும் ஃபோன் எடுத்து எடுத்துக் கேட்டவை எண்டு சொல்லு பிள்ளை."

நான் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன்.