நான் மூடிய குழி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது எனக்கே நடந்தது. நடுராத்திரிகூட இல்லை. விடிந்து, கடல்மேல் பனிமூட்டம் விலகாத ஒரு மே மாதக் காலை.

ஃப்ளோரிடாவில் எங்கள் கடற்கரையில் கடையில்லை, கட்டடமில்லை. வெறும் வெள்ளை மணல். மிதித்தால் கீச் கீச்சென்று கத்தும். ஆமைகள் முட்டையிட வரும் காலத்தில், கடற்கரைக்கு வரும் ஜனங்கள் தோண்டிப் போட்ட குழிகளை மூட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஆமை விழுந்துவிடும். நானும் என் கணவர் க்ளீட்டும் அந்த வருஷம்தான் அதற்கான தொண்டர் குழுவில் சேர்ந்திருந்தோம். குழுவின் பச்சைச் சட்டையை மாட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூட்டத்துக்குள் ஒருவன் முழங்காலிட்டு வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். இடுப்பளவு ஆழம்.

"ஏய்யா, தோண்டக் கூடாதுன்னு போர்டு இருக்கே, கண்ணு தெரியலையா?"

"ஆரம்பிச்சுட்டா சட்டாம்பிள்ளை! விடேன் வெர்னா," என்றார் க்ளீட்.

அவன் நிமிரவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா... இன்னும் கொஞ்சந்தான்."

"நான் திரும்பி வர்றப்ப இது மூடியிருக்கணும்!"

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அவன் தோண்டியபோது மணல் சத்தமே போடவில்லை.

திரும்பி வந்தோம். ஆள் இல்லை. குழி அப்படியே இருந்தது. சுற்றிலும் எங்கள் காலடித் தடம் மட்டும்தான். அந்த ஆழத்துக்குத் தண்ணீர் ஊறியிருக்க வேண்டும்... காய்ந்து கிடந்தது.

"வா, போயிடலாம்."

எனக்கு வீம்பு. மணலைத் தள்ளி மூடினேன். மேலே ஏறி மிதித்தேன்.

கீச்...

நின்றேன்.

கீச்... கீச்...

அடியிலிருந்து.

காதருகே அதே குரல். "மிதிக்காதீங்கம்மா... இப்பத்தான் சத்தம் கேக்குது..."

ஓடினோம்.

எங்கள் குழுவை நடத்தும் ஆர்லீன் கேட்டதும் வெளிறிப்போனாள்.

"போன கோடையில அங்கதான் ஒரு ஏழு வயசுப் பொண்ணு மேல குழி சரிஞ்சுது. அப்பன் கையாலயே தோண்டினான். தோண்டிக்கிட்டே நெஞ்சு அடைச்சுச் செத்தான். புள்ளைய அப்புறந்தான் எடுத்தோம், மூச்சில்ல. எடுத்தது அவனுக்குத் தெரியாதே! அதுலேருந்து தினம் காலையில அங்க குழி இருக்கும். நாங்க யாரும் மூடுறதில்ல, பொழுது சாயறதுக்குள்ள தானாவே மூடிக்கும்."

சீ, என்ன ஜென்மம் நான்! பிள்ளையைத் தேடுகிற தகப்பனையா அதட்டினேன்? வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். குழி இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

மூன்று வருஷமாகிறது. பிள்ளையின் சத்தம் அவனுக்குக் கேட்ட அந்த நேரத்தில் நான் மிதித்து மூடியதுதான் கடைசிக் குழி.