என் பெயரில் ஏறிய விரல்

கம்பெனியின் விபத்து ரிஜிஸ்டரில் என் பெயர் இருக்கிறது. இடது கை ஆள்காட்டி விரலில் ஓவர்லாக் மெஷின் ஊசி ஏறியது, எலும்பில் அடி என்று எழுதியிருக்கிறார்கள். என் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி ஏறியது எனக்குப் பக்கத்து மெஷினில் தைத்த ஒடியாக்காரிக்கு.

அவளும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. நான் மடத்துக்குளத்துக்காரி. அங்கே அடுத்தவர் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவளும் அவள் ஊரில் களைதான் எடுத்தாள், நெல் வயலில். இரண்டு பேரையும் கைமடியாகப் போட்டார்கள். டைலர் தைக்கத் தைக்கத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்குகிற வேலை. ஒரு வருடத்தில் இரண்டு பேரும் மெஷினில் உட்கார்ந்தோம். அவள் என்னைவிட வேகம். லைனில் எல்லோருக்கும் அது தெரியும்.

அது வரைக்கும் ஒன்று. அதற்குப் பிறகு வேறு.

என் பெயரைக் கம்பெனி ரோலில், நிரந்தர ஆட்கள் பட்டியலில், ஏற்றினார்கள். பி.எஃப். பிடித்தார்கள். ஆஸ்பத்திரி கார்டு கொடுத்தார்கள். அவள் கான்ட்ராக்டர் ஆள். அவள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஆறு வருடம் ஆகியும் அவள் பெயர் கம்பெனியில் எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவள் மகள் ஊரில் மாமியாரிடம் வளர்கிறாள். ஆனால் அவள் ஊரில் காங்கிரீட் வீடு கட்டிவிட்டாள். போனில் படம் காட்டினாள். நான் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

யார் முன்னுக்கு வந்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டீ நேரத்தில் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வடக்கே இருந்து வந்தவர்கள் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், கூலி ஏறாமல் கிடப்பது அவர்களால்தான் என்பார்கள். அவர்கள் பக்கத்தில், உங்களுக்கு லீவு கேட்டால் லீவு, நாங்கள் கேட்டால் வேறு ஆள் என்பார்கள். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கிண்டுவான்.

“உங்காளுகளுக்குக் காது குத்துனா ஒரு நாள் லீவு. குத்துன காது ஆறுனா இன்னொரு நாள் லீவு” என்றான் ஒருநாள் எங்களைப் பார்த்து.

“அவுங்க ஊருக்குப் போனா ரயிலுலயே ஒரு வாரமுங்க. அதக் கேக்க மாட்டீங்களா?” என்றாள் செக்கிங் பெண் ஒருத்தி.

ஒடியாக்காரிக்குத் தமிழ் நன்றாக வரும். எங்களைப் போலவே ‘ங்க’ போட்டுப் பேசுவாள். அன்றைக்கு அவள் தலையைத் தூக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்தாள்.

ஊசி ஏறியது ஒரு மத்தியானம். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். என் மெஷினில் பீஸ் தேங்கிவிடும் என்று அவள் வந்து உட்கார்ந்தாள். அவள் தைத்த மெஷினில் ஊசிக்கு முன்னால் கார்டு உண்டு. விரல் உள்ளே போகாமல் தடுக்கிற சின்னத் தகடு. என் மெஷினில் அது இல்லை. நான்தான் கழற்றி வைத்திருந்தேன். அது இருந்தால் தையல் சரியாகத் தெரியாது, வேகம் வராது. நான் திரும்பி வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. துணி வெள்ளை. அதனால் ரத்தம் நன்றாகத் தெரிந்தது.

மேனேஜர் வந்தார். ரோலில் இல்லாதவளுக்கு அடிபட்டது என்று எழுத முடியாது. எழுதாமல் விட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாது. அவர் என் பக்கம் திரும்பினார். “அக்கா, உங்க கார்டு இருக்குதுங்களா?”

கொடுத்தேன். மெஷின் கார்டைக் கழற்றியது நான். இந்தக் கார்டையும் நான் கொடுப்பது சரி என்று அப்போது பட்டது.

ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். அவள் மறு கையால் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்து போனாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

“ஊசி ஏறுனது அவங்களுக்கா, உங்களுக்கா?” என்றார் டாக்டர்.

“வலியில பேச மாட்டீங்கறாங்க” என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். தையல் போட்டுக் கட்டினார்கள். பஸ்ஸில் வரும்போது, தகட்டைக் கழற்றியது நான் என்று அவளிடம் சொன்னேன்.

“பாதி மெசின்ல அது கழட்டித்தாங்கக்கா கெடக்குது” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காயம் ஆறியது. விரல் மடங்கவில்லை. நாலு விரலால் தைத்தாள். வேகம் குறைந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஆடிட் வந்தது. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பிக் கம்பெனியைப் பார்ப்பார்கள். பாஸானால்தான் ஆர்டர். முதல் நாளே மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எட்டு மணி நேரம். ஞாயிறு லீவு. எல்லோருக்கும் ஒரே கூலி. கழற்றிப் போட்ட தகடுகளை ஒரு பக்கெட்டில் கொண்டுவந்து திரும்ப மாட்டினார்கள். ரோலில் இல்லாதவர்களுக்கு ஆடிட் அன்று லீவு. தங்கியிருக்கிற அறையை விட்டு வெளியே வரக் கூடாது.

விபத்து ரிஜிஸ்டரில் பெயர் உள்ளவர்களைக் கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று மேனேஜர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடம் வேறு ஒன்று சொல்லியிருந்தார். ஆடிட் பாஸாகிப் புது ஆர்டர் வந்தால் உன் பெயரை ரோலில் ஏற்றுகிறேன் என்று.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ரோலில் ஏறினால் மகளைக் கூட்டிவந்து இங்கே பள்ளிக்கூடத்தில் போடலாம், விரலைத் தன் பெயரிலேயே டாக்டரிடம் காட்டலாம் என்றாள். நான் மேனேஜரை நம்பவில்லை. அவள் நம்பினாள். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினாள். “இந்த வெரலுங்கக்கா. மறந்துராதீங்க.”

பார்த்தேன். நகத்துக்குக் கீழே கோடு போலத் தழும்பு. மறக்க மாட்டேன் என்றேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். சிறுநீரகம் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அது அந்த ஆஸ்பத்திரி கார்டில்தான் நடக்கிறது. அவளுக்கும் அது தெரியும்.

மறுநாள் சாம்பிள் ரூமில் ஆடிட்காரி உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது. தமிழ்தான் பேசினாள், வெளியூர்த் தமிழ். கதவைச் சாத்திவிட்டு மேனேஜரை வெளியே அனுப்பினாள். முதலில் நேரம் கேட்டாள், சம்பளம் கேட்டாள். சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்.

“தமிழ் ஆளுங்களுக்கும் வெளி மாநில ஆளுங்களுக்கும் இங்க ஏதாவது வித்தியாசம் உண்டா அக்கா?”

“இல்லீங்க. எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க.”

“லைன்ல இன்னைக்கு ஏழெட்டு மெஷின் சும்மா இருக்கே?”

“லீவுங்க.”

எழுதினாள். ரிஜிஸ்டரைப் புரட்டினாள். என் பெயரில் விரலை வைத்தாள். காயம் ஆறிவிட்டதா என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றேன்.

“காட்டுங்க.”

வலது கையை நீட்டினேன்.

அவள் விரலைப் பார்த்தாள். ரிஜிஸ்டரைப் பார்த்தாள். மறுபடியும் விரலைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒடியாக்காரி எதிரே உட்கார்ந்து காட்டினாள். அவள் இடது கை என் வலது கைப் பக்கம் இருந்தது. நான் அப்படியே மனதில் வைத்துக்கொண்டுவிட்டேன். அந்தக் கையை இழுத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினேன்.

“எந்தக் கைன்னு மறந்துபோகுமா?” என்றாள்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“யாரோட விரல் அது?”

“என்ற வெரலுதானுங்க.”

இன்னொரு தரம் கேட்டாள். அதையே சொன்னேன். மூன்றாம் தரமும் அதையே சொன்னேன். அவள் நிறைய எழுதினாள். நீங்கள் போகலாம், உங்கள் பெயர் வெளியே வராது என்றாள். பெயர் அவள் கைக்குக் கீழே ரிஜிஸ்டரிலேயே இருந்தது.

அன்று மாலை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஒடியாக்காரியின் மெஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆடிட் முடிந்த அன்று ராத்திரியே கான்ட்ராக்டர் வேன் கொண்டுவந்து அவளையும் பெட்டியையும் ஏற்றிப் போய்விட்டான் என்று லைனில் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மெமோ கொடுத்தார்கள். நான் ரோலில் இருக்கிறவள். என்னை அனுப்ப வேண்டுமென்றால் தாள் வேண்டும், காரணம் வேண்டும். அவளை அனுப்ப வேன் போதும்.

மேனேஜர் என்னை ஆபீசில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். டைப் அடித்த தாள் ஒன்று மேசையில் இருந்தது. ஆபீஸ் பெண் வாசித்துக் காட்டினாள். நிர்வாகத்துக்குத் தெரியாமல், வெளியாள் ஒருத்தியை என் சொந்த விருப்பத்தில், என் கார்டில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன் என்று இருந்தது.

“கார்டு கேட்டது நீங்கதானுங்க சார்” என்றேன்.

“ஆமாங்க அக்கா. இல்லேங்கலியே. இது ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகாதுங்க. வாங்கறவனுக்கு ஒரு பதில் எழுதோணும், அவ்வளவுதான்.”

“தகட்டக் கழட்டி வெச்சது நானுங்க. அவ எங்கூட வேலை பாத்தவ. வெளியாள்னு எப்பிடி எழுதறது?”

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க?” அவர் குரல் ஏறவே இல்லை. “ஊட்டுக்காரருக்கு இந்தக் கார்டுலதானுங்களே பாக்கறீங்க? ரோல்ல இருந்து எடுத்துட்டா கார்டும் போயிருமுங்க. உங்கள அனுப்ப எனக்கு மனசில்லீங்க.”

ஃபேன் காற்றில் தாள் பறந்துவிடாமல் ஒரு பட்டன் பெட்டியை அதன்மேல் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி நாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் இருக்கும் இடம் தெரிந்தது. கம்பெனியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு சந்துக்குள் பவர் டேபிள் போட்ட ஷெட், கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற இடம். நாலு மெஷின். அங்கே ஆடிட் எதுவும் வராது. ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்றும் வேலை நடந்தது. அவள் மெஷினில் இல்லை. கீழே உட்கார்ந்து கைமடி செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பண்டலைத் தள்ளி இடம் விட்டாள்.

வலது கையை நீட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

“கேள்விப்பட்டேனுங்க” என்றாள்.

தாளில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். சொன்னேன். வெளியாள் என்றால் என்ன என்று கேட்டாள். கம்பெனியைச் சேராதவள் என்றேன். அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க போட்டுத்தானுங்க ஆகோணும்” என்றாள். கையிலிருந்த பீஸை அடுக்கிவிட்டு, “எனக்குப் போடறக்கு ஒரு பேப்பர்கூடக் குடுக்கலீங்க அக்கா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டையும் எக்ஸ்ரே கவரையும் எடுத்துக் கொடுத்தேன். என் பெயரில் இருந்ததால் என் வீட்டில்தான் கிடந்தன. விரலை வேறு டாக்டரிடம் காட்டினால் பழையதைக் கேட்பார்கள் என்றேன். அவள் எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மூலையில் என் பெயரும் வயதும் இருந்தன.

“டாக்டரு பேரு கேட்டா?”

“என்ற பேரச் சொல்லு.”

“வயசு?”

சொன்னேன். என்னைவிட எட்டு வயது சின்னவள் அவள். என்னை ஒரு தரம் பார்த்தாள். நம்புவார்களா என்று கணக்குப் போட்டிருப்பாள். கான்ட்ராக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். அவள் கவரைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பண்டலை இழுத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.