கரண்ட் போன அரங்கில் ஒரு லேப்டாப்

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் அவர் சொன்னது எழுத்தாகித் திரையில் நிற்கும். காது கேளாதவர்கள் வரும் கூட்டங்களில் பேச்சை உடனுக்குடன் டைப் செய்து காட்டுவதுதான் அவள் பிழைப்பு. அவள் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில், வீட்டில் யார் என்ன பேசினாலும் அவன் இவள் முகத்தைப் பார்ப்பான். இவள் சைகையில் சொல்வாள். கைகள் அந்த வயதிலேயே வேகம் பிடித்துவிட்டன.

பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. ஜன்னலோர மேசையில் லேப்டாப், அதில் எந்நேரமும் சார்ஜர். பிடுங்கினால் பாதியில் காலை வாரிவிடுமோ என்று பயம். ஒருநாள் லேப்டாப் மேசையில் சமமாக உட்காராமல் ஆடியது. கீபோர்டு நடுவில் மேடு தட்டியிருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரிக்கும் ஏறக்குறைய இவள் வயதுதான். அடிமூடியைக் கழற்றிக் காட்டினாள். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி தலையணை மாதிரி ஊதிக்கிடந்தது.

"தொடாதீங்க. குத்துப்பட்டா நெருப்பு பிடிச்சிரும்."

"நான் ஒரு குறையும் வெக்கலையே! எப்பவும் ஃபுல் சார்ஜ்லதான வெச்சிருந்தேன்?"

"அதுதாங்க வினை. உள்ள கண்ணுக்குத் தெரியாத துகள் எல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ட்டு வரும். ஃபுல்லா ஏத்தினா அத்தனையும் ஒரே பக்கத்துல நெருக்கியடிச்சு நிக்கும். மாசக்கணக்கா அப்படியே நிக்க வெச்சு, சூட்டையும் ஏத்தினா? கொஞ்சம் கொஞ்சமா கெட்டு, வாயு கட்டி ஊதிடும்."

புயல் குனிந்து பேட்டரியைப் பார்த்தாள். அசையாமல் கிடக்கும் இந்தக் கறுப்புப் பொட்டலத்துக்குள் இவ்வளவு போக்குவரத்தா! நிரம்பியிருப்பதே அதற்குப் பாரமா!

கடைக்காரி புது பேட்டரி போட்டு, எண்பது சதவீதத்தில் சார்ஜ் ஏறுவது நிற்கும்படி வைத்துக் கொடுத்தாள். "ஒயர் செருகியே இருக்கட்டும், பரவால்ல. மெத்தை மேல மட்டும் வெக்காதீங்க, அடியில காத்து போகணும். அப்பப்போ பிடுங்கிட்டுப் பாதி இறங்குற வரைக்கும் ஓட்டுங்க. சுத்தமா காலியாகவும் விடாதீங்க."

அன்றிலிருந்து புயல் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். சூடாகிறதா என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். கணவன் சும்மா விடமாட்டான்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படித் தொட்டுப் பாக்கலையேம்மா நீ!"

வருஷங்கள் ஓடின. தச்சு வேலை பார்த்து அண்ணன் படிக்கவைத்த மகள், மலைச்சரிவைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். அதை நிபுணர்கள் முன்னால் விளக்க வேண்டிய நாளும் வந்தது.

"அத்தை, நீங்கதான் டைப் பண்ணணும். அப்பா ஒரு வார்த்தையைக்கூட விட்டுடக் கூடாது."

கிளம்புகிற பரபரப்பில் முழுசாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளப் புயலுக்குத் தோன்றவில்லை. அரங்கில்தான் கரண்ட் இருக்கிறதே! மருமகள் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில் அந்தக் கரண்ட் பட்டென்று போனது. பெரிய திரை இருண்டது, மைக் அடங்கியது. அண்ணன் பதறிப்போய்த் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"கரண்ட் வந்ததும் தொடரலாமா?" என்று கேட்டார் தலைமை நிபுணர்.

மருமகளும் அத்தையைத்தான் பார்த்தாள். லேப்டாப் கண்கூடச் சிமிட்டவில்லை. புயல் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, 'நீ பேசு' என்று தலையை ஆட்டினாள்.

"வேண்டாங்க, நான் சத்தமாவே பேசுறேன்," என்றாள் மருமகள்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. எத்தனையோ வருஷம் உழைத்த பேட்டரி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. புயலின் விரல்கள் நிற்கவில்லை. அங்கே நிற்கும் ஒரு பெண்ணின் குரல் தன் காதில் நுழைந்து, விரல் வழியே இறங்கி, அண்ணன் கண்ணில் போய்ச் சேர்கிறது. அதைச் சுமந்து போக, யார் கண்ணிலும் படாத துகள்கள் உள்ளே நடந்துகொண்டே இருக்கின்றன.

"மலை சரியறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள ஒரு முனகல் கிளம்பும்," என்றாள் மருமகள். "ஆனா மனுஷக் காதுக்கு அது கேக்காது."

அதைப் படித்ததும் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்துச் சைகையில் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றாரு?" என்றார் தலைமை நிபுணர்.

"'அப்போ இங்க இருக்கிற எல்லாரும் என் கட்சிதான்'னு சொல்றாருங்க."

அரங்கமே சிரித்தது. அண்ணன் விடவில்லை. 'பின்னே உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?' என்று மகளிடம் கையால் கேட்டான். அவளும் கையாலேயே பதில் சொன்னாள்.

நிபுணர்கள் புயலைப் பார்த்தார்கள். இப்போது காது கேட்பவர்களுக்கு அவள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"'மண்ணுக்குள்ள கருவி புதைச்சு அதிர்வைப் பிடிச்சேன்பா. நீங்க பலகையில உள்ளங்கையை வெச்சு ரம்பம் ஓடுறதைத் தெரிஞ்சுப்பீங்களே, அதைப் பாத்துத்தான் எனக்கு அந்த யோசனையே வந்துது'ன்னு சொல்றாங்க."