அத்தையிடம் நான் சொன்ன வார்த்தை

இயேசுவில் அன்பானவர்களே, எங்கள் பங்குக் கோயிலில் சாட்சியம் சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தைச் சொல்வார்கள், அதிலிருந்து ஆண்டவர் மீட்டதைச் சொல்வார்கள். நான் என்னால் இன்னொருவருக்கு வந்த துன்பத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இன்னொருவர் நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார் லூர்தம்மாள். அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கம் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர் அந்தோணி கடலுக்குப் போகிறவர். மகள் ஜெனி எட்டாம் வகுப்பு. அத்தை காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பார். நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு மூட்டெல்லாம் வலித்தது. வெயிலில் போனால் கன்னம் சிவந்து எரியும். கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு லூபஸ் என்றார்கள். நம் உடம்பில் நோயை எதிர்க்க வேண்டிய சக்தி நம் உடம்பையே தாக்கும் வியாதி. எனக்குக் கிட்னி வரை போயிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் ஆரம்பித்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

மாத்திரை என் வலியை எடுத்தது. வீக்கம் வடிந்தது. ஆனால் முகம் உப்பிப் பெரிதாகிவிட்டது. கடையில் வாடிக்கையாகப் புடவை எடுக்கும் ஒரு அம்மா, சம்பளம் ஏத்திட்டாங்களா, நல்லா ஆயிட்டியே என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன். தூக்கம் போயிற்று. பசி அடங்கவே அடங்காது. எல்லாவற்றையும் விட மோசம், என் மனசு என் கையில் இல்லை. காலையில் ஊரையே புரட்டிப் போடுகிற உற்சாகம் இருக்கும். அலமாரியை எல்லாம் கலைத்து அடுக்குவேன். மத்தியானம் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் தலைக்குள் நெருப்புப் பிடிக்கும். கத்திய பிறகு அழுவேன். அழுத பிறகு எதற்குக் கத்தினேன் என்றே புரியாது.

ஜெனி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரலாமா, பக்கத்து வீட்டுக்குப் போகலாமா என்று முடிவு செய்வாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் என்னால் நிறுத்த முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். பெற்ற பெண்ணைப் பயமுறுத்துகிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். போன வருடத் தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வந்து அத்தை சமைத்தார். எல்லோருக்கும் ஒரு சட்டி, எனக்கு மட்டும் உப்புக் குறைத்துத் தனியாக ஒரு சட்டி. வியாதி வந்த நாளிலிருந்து முகம் சுளிக்காமல் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். டாக்டர் சொல்கிறார், கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள் என்று அத்தை மெதுவாகச் சொன்னார்.

அதற்கு நான் சொன்னதைத்தான் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

"டாக்டர் பேச்சு மட்டும் கேப்பீங்களா? அன்னிக்கு காத்து வருது, போவாதீங்கன்னு மைக்ல கத்திக்கினு போனாங்களே, அத கேட்டீங்களா? போய்ட்டு வாடான்னு நீங்கதான அனுப்பினீங்க. கேட்டிருந்தா சேவியர் இன்னிக்கு இருந்திருப்பான்ல?"

சேவியர் அத்தையின் இளைய மகன். என் கல்யாணத்துக்கு முன்பே கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. போகட்டுமா என்று அவர் கேட்டதும், அத்தை போ என்று சொன்னதும் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜெனி என் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே அத்தை என்னிடம் சொன்னது அது. என்னை மகளாக நினைத்துச் சொன்னது. அதை எடுத்து, அவருடைய மூத்த மகனும் பேத்தியும் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தில் எறிந்தேன்.

அத்தை என் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். மறுநாள் கண்ணகி நகரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தினமும் காலையில் பஸ் ஏறி ஏலத்துக்கு இங்கே கரைக்கு வருவார். எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் மந்தைவெளிக்குப் போக வேண்டும். தெருவுக்குள் திரும்ப மாட்டார். அந்தோணி கரையில் அவரைப் பார்த்துவிட்டு வருவார். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். ஆண்டவரிடம் கேட்டுவிட்டாய், அந்த அம்மாவிடம் கேட்டாயா என்று மட்டும் கேட்டார். நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு இல்லை. மன்னிப்புக் கேட்கப் போய், அங்கேயும் இந்த வாய் வேறு எதையாவது சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். அதனால் மாதா முன்னால் உட்கார்ந்து, இந்தக் கோபத்தை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று மட்டும் தினமும் செபித்தேன். கோபம் போகவில்லை.

அப்போது ஒரு முடிவு எடுத்தேன். இந்த மாத்திரைதான் என்னைப் பிசாசு மாதிரி ஆக்குகிறது, இதை நிறுத்திவிடுவோம், வியாதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். டாக்டரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அதற்கு விசுவாசம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது எனக்கு நான் கொடுத்துக்கொண்ட தண்டனை. செத்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. இதை இப்போதுதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

சில நாளிலேயே உடம்பு துவண்டுவிட்டது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. எழுந்தால் கண் இருட்டும். ஒரு காலை, அந்தோணி கடலில். ஜெனி பரீட்சைக்குப் போய்விட்டாள். தண்ணீர் எடுக்க எழுந்தவள் அடுப்படியில் விழுந்தேன். போன் கட்டிலில் கிடந்தது. கையை அசைக்கவும் தெம்பில்லை. தரை சில்லென்று இருந்தது. அடுத்த தெருவில் ஐஸ் வண்டி ஹார்ன் அடிப்பது கேட்டது. கூப்பிட்டால் குரல் வரவில்லை.

அந்த நேரம் என் வியாதி எனக்கு ஞாபகமே வரவில்லை. ஆண்டவரே, அத்தையிடம் மன்னிப்புக் கேட்காமல் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளாதேயும். அவ்வளவுதான் செபித்தேன். திரும்பத் திரும்ப அதையே. என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் செபித்தது கிடையாது.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. கதவு தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"எம்மா ஸ்டெல்லா. இன்னாமே ஆச்சு?"

அத்தை. மீன் கூடை வாசலில் சாய்ந்து மீன் எல்லாம் மண்ணில் கிடந்தது என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். என்னைத் தூக்கி மடியில் போட்டு, கத்தி ஆள் கூப்பிட்டு, ஆட்டோவில் ஏற்றியது எல்லாம் அவர்தான். கிளம்பும்போது அலமாரியிலிருந்த என் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டார். பிரிக்காத அட்டைகளைப் பார்த்துத்தான் நான் நிறுத்திவிட்டேன் என்று டாக்டருக்குத் தெரிந்தது. உடனே ஊசி போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

அன்று மட்டும் ஏன் எங்கள் தெருவுக்குள் திரும்பினார் என்று பின்னாளில் கேட்டேன். ஜெனி பரீட்சைக்குச் சாப்பிட்டுப் போனாளா என்று நினைப்பு வந்தது, கால் அதுவாகத் திரும்பிவிட்டது என்றார். அது வெறும் நினைப்பு என்று நீங்கள் சொல்லலாம். தரையில் கிடந்தவள் நான். எனக்குத் தெரியும் அது என்னவென்று.

கொஞ்சம் தெளிந்த பிறகு அந்த டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபம், அழுகை, தூக்கமின்மை, மகளின் பயம், எல்லாம். இந்த மருந்தால் சிலருக்கு மனநிலை இப்படி ஆடும், எங்களிடம் சொன்னால் வழி இருக்கிறது என்றார். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, குறைப்பதானால் நாங்கள் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். கூட வேறு மருந்து சேர்த்து, மனநல டாக்டரையும் பார்க்க ஏற்பாடு செய்தார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு ஆசை வந்தது. அத்தையிடம், அது மாத்திரை பேசியது, நான் இல்லை என்று சொல்லிவிடலாமே. டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை கோபத்தைத்தான் தந்தது. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தேடி அந்த வார்த்தையை எடுத்தது நான்.

சாயந்தரம் அத்தை கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்தேன்.

"அத்தே, அன்னிக்கு சொன்னது நான்தான். மாத்திரை மேல பழி போட மாட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதுல பொய் இன்னா கீது. நானும் தெனம் மாதாகிட்ட அதத்தான் சொல்லிக்கினு கீறேன். ஆனா உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், ஸ்டெல்லா. ஃபாதர்கிட்ட கூட சொன்னதில்ல."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"வலிக்குதுதான். இன்னும் வலிக்குது. அதுக்குன்னு உன்ன தரையில வுட்டுட்டுப் போவ முடியுமா? குடி, ஆறிடப் போவுது."

மன்னித்துவிட்டேன் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்த நாளில் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அவரும் வந்துவிட்டார். அந்தோணி அன்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சேவியர் யார் பேச்சையும் கேட்கிற ஆள் இல்லை, நீ வேண்டாம் என்றாலும் போயிருப்பான் அம்மா என்றார். அத்தனை வருடத்தில் அம்மாவும் பிள்ளையும் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. என் நாக்கால் நன்மை விளைந்தது என்று இதை நான் சொல்ல மாட்டேன். நான் உடைத்ததை ஆண்டவர் ஒட்டவைத்தார். உடைத்தவள் நான்தான்.

இப்போது மாத்திரை வெகுவாகக் குறைந்துவிட்டது. கிட்னி தேறி வருகிறது. மனசு இன்னும் சில நாட்களில் ஆடத்தான் செய்கிறது. அப்போது வீட்டில் உள்ளவர்களிடம், இன்றைக்கு எனக்குச் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். சில சமயம் ஜெனி வந்து பக்கத்தில் உட்காருவாள். டாக்டரிடம் இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை.

என்னைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கே இருக்கலாம். உங்கள் கோபத்தைப் பார்த்து நீங்களே பயந்துபோயிருக்கலாம். தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள். ஆண்டவரிடமும் சொல்லுங்கள், அவர் கேட்கிறார். கோபத்தை எடுத்துவிடச் சொல்லி மாதா வழியாக நான் கேட்டேன், அதை அவர் உடனே எடுக்கவில்லை. நான் காயப்படுத்திய மனுஷியையே கதவைத் திறந்துகொண்டு வரச்செய்தார். அதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது.

எனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று பலர் சொல்கிறீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் இன்று நீங்கள் முழந்தாளிடும்போது லூர்தம்மாள் என்ற பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைக் கடலில் விட்ட தாய் அவர். அந்த வலியின் மேல் நான் இன்னொன்றை ஏற்றினேன். அது இறங்கும் வரை நானும் உங்களோடு சேர்ந்து வேண்டிக்கொண்டே இருப்பேன்.