ஃபைனல் மூக்கு

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளைக் கவனிக்கும் ஷிப்டில் மூன்று ஃபெலிக்ஸ்கள் இருந்தார்கள். கம்மாபுரத்திலிருந்து வருகிறவர் கம்மாபுரம் ஃபெலிக்ஸ். காண்ட்ராக்டில் இருந்து பிறகு பெர்மனென்ட் ஆனவர் புது ஃபெலிக்ஸ். தலை நரைத்த பிறகும் அவர் புதுசுதான். மூன்றாமவருக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவருடைய மூக்கு முதலில் வரும், அவர் பின்னால் வருவார். வேலைக்குச் சேர்ந்த அன்றே மூக்கு ஃபெலிக்ஸ் ஆகிவிட்டார்.

இதில் கேலி ஒன்றும் கிடையாது. பெல்ட் ஓடுகிற இரைச்சலில் வாக்கிடாக்கியில் ஒருவருடைய இனிஷியல், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. "மூக்கு, மூக்கு, நாலாம் பெல்ட்ட நிறுத்து" என்றால் நாலாம் பெல்ட் நிற்க வேண்டும். ஃபெலிக்ஸும் வருஷக்கணக்காக நிறுத்திக்கொண்டுதான் இருந்தார்.

2013-இல் ஃபோர்மேன் வெள்ளைச்சாமி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். மஞ்சள் தடவிய உறையின் மேல் மணிமணியான எழுத்தில் 'திரு. மூக்கு ஃபெலிக்ஸ் குடும்பத்தினர், பிளாக் 21' என்று இருந்தது. வெள்ளைச்சாமி அதைத் தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும், மனைவியோடு சேர்ந்து நின்று நீட்டினார். அந்த மரியாதைதான் ஃபெலிக்ஸைச் சுட்டது. கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். தட்டோடு நீட்டுகிறவரிடம் என்ன பேசுவது?

கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். அடுத்த மாதம் சைனஸ் ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டார். மனைவி ஜெயசெல்விக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"வூட்டுல ஃபேனு ரிப்பேரா கெடக்குது. அத வுட்டுட்டு மூக்க ரிப்பேர் பண்ணிகினு வரேன்றீங்க" என்றாள் அவள். மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, எதையும் சுற்றி வளைக்கமாட்டாள்.

புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் வேலை முடிந்தது. கட்டுப் பிரித்து, வீக்கம் வடிந்து பார்த்தபோது மூக்கு சின்னதாகத்தான் ஆகியிருந்தது; அதில் குறை சொல்ல முடியாது. வலப்பக்கத்துத் துவாரம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டு நின்றது. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஃபெலிக்ஸ் ஒரு பேங்க் மேனேஜர். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால், பக்கத்தில் ஏதோ ஊசிப்போய்விட்டது என்று கண்டுபிடித்தவர்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கேட்டில் நிறுத்திவிட்டார்கள். காவலுக்கு இருந்த வடநாட்டுக்காரர் கேட் பாஸில் இருந்த போட்டோவைப் பார்த்தார், ஃபெலிக்ஸைப் பார்த்தார், சுற்றி வந்து பக்கவாட்டில் பார்த்தார். பிறகு ஓரமாக உட்காரச் சொன்னார். வெள்ளைச்சாமி வந்து, "நம்ம மூக்குதான்யா" என்று சாட்சி சொல்லி உள்ளே கூட்டிப்போனார்.

பாஸ் மாற்றுகிற ஆபீசில் கிளார்க் சிங்காரவேலு பழைய பாஸை வாங்கி, முறைப்படி இரண்டாக நறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். புதுப் பாஸுக்கு எழுதப் போனவர் பேனாவை நிறுத்திவிட்டு ஃபெலிக்ஸை உற்றுப் பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது இப்பிடியேதான் இருக்குமா?"

"சரி பண்ணிக்கலாமான்னு ஒரு யோசனை இருக்குது."

"அப்ப ஃபைனல் மூக்கு எதுன்னு முடிவு பண்ணிகினு வாங்க சார். ஒவ்வொரு மூக்குக்கும் ஒரு பாஸ் போட முடியாதில்ல?" என்று சொல்லி, அதுவரை காட்டிக்கொள்ள ஒரு தற்காலிகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஷிப்டில் எல்லாரும் பார்த்தார்கள். நாகரிகமானவர்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது. "மூக்கு, மூக்கு, எங்க இருக்க?"

அடுத்த ஒரு வருஷம் முழுக்க ஃபெலிக்ஸ் அந்தச் சீட்டோடுதான் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி நிறுத்தி அவரைப் பார்த்தார், முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "நான் சொன்னதுல எதுவும் மனவருத்தமா?" என்று கேட்டார். ஒரு பந்தியில் சமையல்காரரே கரண்டியோடு வந்து, "சாம்பார் சரியில்லீங்களா சார்?" என்றார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு அதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

மறுபடி ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்பதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் நின்று மூக்கை விரலால் இப்படி நகர்த்துவார், அப்படி நகர்த்துவார். கூட வேலை செய்யும் கொளஞ்சியப்பனிடம் யோசனை கேட்டார். பெல்ட்டைக் கவனிப்பது போக, அறுந்ததை வெட்டி ஒட்டுவதும் அவர்கள் இருவருடைய வேலைதான்.

"ஜாயிண்ட் கோணலா போச்சுன்னா என்னா பண்ணுவோம்? வெட்டிட்டுத் திரும்ப ஒட்டுவோம்" என்றார் கொளஞ்சியப்பன். "ஆனா ஒவ்வொரு வாட்டியும் பெல்ட்டு கொறையும். ஒங்கிட்ட இனிமே எவ்ளோ மீதி இருக்குதுன்னு பாத்துக்க."

மீதி அதிகம் இல்லை. இருந்தாலும் வேறு ஒரு டாக்டரிடம், புதுச்சேரியிலேயே, நாள் வாங்கினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொன்னபோது மகள் சோபியா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நானும் வரேம்ப்பா. எனக்கு எந்த வயசுல பண்ணலாம்னு கேட்டுட்டு வந்துடலாம்."

"ஒனக்கு என்னா பண்ணணும்?"

"ஒங்களுக்குப் பண்ணதுதான்."

சோபியா எட்டாவது படித்தாள். ஃபெலிக்ஸ் அவளைப் பார்த்தார். நெற்றியிலிருந்து ஒரே வீச்சில் இறங்கி, நடுவில் கொஞ்சம் புடைத்து, நுனியில் அகன்று நிற்கும் மூக்கு. ஒரு வருஷத்துக்கு முன்னால் தினமும் சவரம் செய்யும்போது அவர் பார்த்த அதே மூக்கு. பேசும்போது அவள் இடது கையால் அதை மூடிக்கொள்வதை அப்போதுதான் கவனித்தார். எப்போதிருந்து மூடுகிறாள் என்று யோசித்தார். தெரியவில்லை. அவர் கண்ணாடியில் மும்முரமாக இருந்திருக்கிறார்.

"ஒனக்கு நல்லாத்தான இருக்குது" என்றார்.

"அப்ப நீங்க ஏன் எடுத்தீங்க?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உறையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது வந்த வலியெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. குழந்தையின் முகம் மோசம் என்று காசு கொடுத்து ஊருக்கே அறிவித்துவிட்டோம் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. ஜெயசெல்வி அவருக்கு ரசத்தை ஊற்றினாள்.

குறித்த நாளில் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். காடாம்புலியூர் தாண்டியதும் சோபியா தூங்கிப்போனாள், தூக்கத்திலும் கை மூக்கின் மேல்தான். புது டாக்டர் வயதானவர், நிதானமானவர். ஃபெலிக்ஸின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தட்டி வரிசையாக மூக்குகளைக் காட்டினார்.

"இதுல எது மாதிரி வேணும்?"

"பழசு வேணுங்க" என்றார் ஃபெலிக்ஸ்.

ஜெயசெல்வி திரும்பிப் பார்த்தாள். வழியில் அவர் இதைச் சொல்லவே இல்லை.

"பழசுன்னா?"

"மொதல்ல இருந்துதே, அது."

"சரி. அதோட போட்டோ குடுங்க."

போட்டோ இல்லை. வாழ்நாள் முழுக்க கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர். கல்யாண ஆல்பத்தில் மாலை மூக்குவரைக்கும் ஏறியிருந்தது, ஏற்றிவிட்டவரும் அவரேதான். வோட்டர் கார்டில் இருந்தது வெறும் கறுப்புத் திட்டு, பழைய கிளினிக்கில் போட்டோ எடுத்து வைக்கவே இல்லை. நேராக எடுத்த ஒரே போட்டோவைச் சிங்காரவேலு நறுக்கிப் போட்டுவிட்டார்.

"அப்ப எத வச்சுப் பண்றது?" என்றார் டாக்டர்.

ஃபெலிக்ஸ் மகளைக் காட்டினார். "இத வச்சுப் பண்ணுங்க."

அவர் மகளுக்காக நாடகம் ஆடவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். டாக்டரும் நிஜமாகவே சோபியாவைக் கூப்பிட்டு விளக்கடியில் உட்காரவைத்தார். கையை எடுக்கச் சொன்னார். நேராகப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் திருப்பி, கருவியை வைத்து அளந்தார். ஃபெலிக்ஸிடம் வந்து அளந்தார். திரும்பவும் அவளிடம் போனார்.

"முடியாதுங்க" என்றார். "ஒங்க விலா எலும்புலருந்து எடுத்து வச்சாலும் இந்த மாதிரி வராது. அந்தத் துவாரத்தக் கொஞ்சம் எறக்கிவிடலாம், அவ்வளவுதான். இந்த மூக்கு பொறக்கறப்பவே வந்தாத்தான் உண்டு."

சோபியா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எவ்ளோ பெரிய டாக்டரா இருந்தாலும் முடியாதா?"

"யாராலயும் முடியாதும்மா."

தனக்கு எந்த வயதில் செய்யலாம் என்று அவள் கேட்கவில்லை. ஃபெலிக்ஸ் காத்திருந்து பார்த்தார். கேட்கவே இல்லை. "அப்ப இருக்கறதே இருக்கட்டுங்க" என்று எழுந்துகொண்டார்.

அடுத்த வாரம் சிங்காரவேலுவிடம் போய், "இதான் ஃபைனல்" என்றார். சிங்காரவேலு தீர்மானமாக ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு போட்டோ கேட்டார். சோபியாவுக்கும் பள்ளிக்கூடத்தில் போட்டோ கேட்டிருந்ததால் சாயங்காலம் இரண்டு பேருமாக மெயின் பஜாரில் தனகோட்டியின் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். முதலில் சோபியா உட்கார்ந்தாள். பழக்கத்தில் இடது கை மேலே போனது. கேமராவுக்குப் பின்னால் நின்ற ஃபெலிக்ஸ் அந்தக் கையையே பார்த்தார். கை பாதி வழியில் நின்று, மடிக்கு இறங்கியது.

எடுத்து முடித்ததும் தனகோட்டி கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். அவர் தொழிலில் நல்ல மனசோடுதான் எல்லாரிடமும் இதைக் கேட்பார்.

"மூக்க மட்டும் லேசா சின்னது பண்ணிடட்டுமா பாப்பா?"

"வேணாங்க" என்றாள் சோபியா. "இது திரும்பக் கெடைக்காது. அப்பாவுக்கு வேணும்னா கேட்டுப் பாருங்க."

தனகோட்டி ஃபெலிக்ஸின் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் வேணாங்க" என்றார் ஃபெலிக்ஸ். "அப்பறம் கேட்ல நிறுத்திடுவான்."