மச்சாளின் வைக்கோலில் ஓடிய சில்லு

மூன்று வருடத்துக்கு முன், தை மாதத்தில் ஒரு பின்நேரம், கரம்பொனில் எங்கள் வயலிலிருந்து வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் நடந்தது இது. தை பிறந்தும் மழை விடாத வருடம். சேறு காயாத வயலில் வெட்டுகிற இயந்திரம் இறங்காது என்று ஆள் வைத்து நெல்லை அரிவாளால் அருவி வெட்டினேன். அந்த நெல்தான் எனக்கு வருடச் சோறு. கடையில் அரிசி வாங்கும்படி வெளிநாட்டிலிருந்து மகன் சொல்லுவான். வயல் வைத்திருக்கிற நான் ஏன் கடை அரிசி தின்ன வேண்டும்?

கதிர்க்கட்டுகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அடுக்கி, மேலே நானும் ஏறி இருந்து வந்தேன். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது.

"அம்மா, ரயர் காத்துப் போச்சு. ஒட்டுறதெண்டால் சந்திக்குத்தான் கொண்டுபோக வேணும்" என்றார் ஓட்டி வந்தவர்.

"அதுக்குள்ளை மழை வந்திடுமே!"

நின்ற இடமும் பாருங்கள், என் தம்பியின் வயலடி. அங்கே வைக்கோல் குவியலுக்குக் காவலாகத் தம்பியின் மனைவி, என் மச்சாள், மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே உள்ள வேலிக் கதியால் தடிகளை அவ என் பக்கம் தள்ளி நட்ட நாளிலிருந்து அவவும் நானும் கதையில்லை. இரண்டு வளவுக்கும் போய்வர வேலியில் இருந்த பொட்டையும் அன்றே கிடுகு வைத்து அடைத்துவிட்டா.

அவ என்னைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துச் சொன்னா: "கேட்டியே, ரியூப் கிடையாத காலத்திலை சைக்கிள் ரயருக்குள்ளை வைக்கல் புரி அடைச்சு ஓடினனாங்கள். இப்ப சிலபேருக்கு எல்லாம் மறந்து போச்சு."

நான் விடுவேனா? ஓட்டி வந்தவரிடம் சொன்னேன்: "தம்பி, எனக்கொண்டும் மறக்கேல்லை. என்னட்டை இப்ப வைக்கல் இல்லை எண்டு அந்த மாட்டுக்குச் சொல்லும்."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அம்மா, மாடு ஓமெண்டு தலையாட்டுது."

மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஆனால் ஒரு பெரிய கட்டு வைக்கோல் என் காலடியில் வந்து விழுந்தது.

அவர் பெட்டிக்குக் கல் முட்டுக் கொடுத்து, அலவாங்குக் கம்பியால் ரயரை ஒரு பக்கம் நெம்பி ரியூப்பை உருவி எடுத்தார். நானும் மச்சாளும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்து, வைக்கோலைத் தண்ணீரில் தோய்த்துப் புரி திரித்து, உள்ளே அடைத்தோம். வானம் உறுமியது. அவசரத்தில் என் புரி தளர்ந்தது.

"மச்சாள், இறுக்கித் திரியுங்கோ! கலியாணப் பொம்பிளைக்குத் தலை பின்னுறியளே?"

இத்தனை காலத்துக்குப் பிறகு அவ வாயால் வந்த முதல் பேச்சு!

"எனக்குப் புரி திரிக்கப் பழக்குறீரோ? கெதியா அடையும்!" என்றேன். அவவும் சிரித்துவிட்டா.

ஓட்டி வந்தவர் ரயரை அமத்தி ஏற்றினார். பெட்டி குடித்தவன் மாதிரி ஆடி ஆடி ஓடியது. பின்னால் பார்த்தால், ரயர் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டே மாடு வருகிறது!

"உம்மடை மாடு என்ரை சில்லைத் தின்னுது!" என்று மேலிருந்து கத்தினேன்.

"என்ரை வைக்கலை என்ரை மாடு தின்னுது. உங்களுக்கென்ன?" என்று தடியோடு ஓடி வந்தா மச்சாள். ஒழுங்கைச் சனமெல்லாம் படலையடியில் நின்று சிரித்தது.

அவவும் சேர்ந்துதான் கட்டுகளை இறக்கினா. கடைசிக் கட்டு கொட்டிலுக்குள் போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரு கதிர் நனையவில்லை. மூன்று பேரும் கொட்டிலுக்குள் நின்று தேத்தண்ணி குடித்தோம். அடுத்த நாள் காலையில் பொட்டில் கிடுகைக் காணவில்லை. புது அரிசி குத்தியதும் முதல் சுளகு அரிசி அந்தப் பொட்டால்தான் போனது.

கதியால் இன்னும் என் பக்கம் தள்ளித்தான் நிற்கிறது. அது என் காணி என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பொட்டால் அந்த மாடு தலை நீட்டும்போதெல்லாம் ஒரு பிடி வைக்கோல் கொடுக்கிறேன். அன்று அது தலையாட்டியிராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் இன்றைக்கும் வாய் திறந்திருக்க மாட்டோம்.